தயாருக்கும் வெடிக்கும் நடுவே

இருபத்தாறு வருடமாகத் துப்பாக்கி பிடிக்கிறேன். ஒரு வாத்தைக்கூடச் சுட்டதில்லை. வாரநாட்களில் நான் தபால்காரன். குளிர்காலம் வந்துவிட்டால், ஓய்வு நாட்களில் பக்கத்து நகரமான ஹீரன்வீனின் பனி அரங்கில் சறுக்கு ஓட்டங்களைத் தொடங்கி வைப்பவன். சம்பளம் கிடையாது. ஒரு நீல மேல்சட்டையும் மதியத்துக்கு ஒரு கிண்ணம் பட்டாணி சூப்பும் தருவார்கள்.

"சூப்பு வேணும்னா வீட்லயே இருக்கு. அதுக்கு எதுக்குப் போய்ச் சுட்டுட்டு வர்ற?" என்பாள் என் மனைவி ஹிஸ்கே.

என் வேலை சின்னது. இரண்டு இரண்டு பேராகத்தான் ஓடுவார்கள். கையில் வெள்ளைப் பட்டை கட்டியவள் உள்பாதையில், சிவப்புப் பட்டை கட்டியவள் வெளிப்பாதையில். கோட்டுக்கு வரச் சொல்வேன். பிறகு "தயார்" என்பேன். இருவரும் குனிந்து, அசையாமல் நின்ற பிறகு சுடுவேன். தயாருக்கும் வெடிக்கும் நடுவே ஒன்றரை விநாடி இருக்கும். அந்த ஒன்றரை விநாடி என் கையில் இருக்கிறது. நாலு வருட உழைப்பை அதற்குள் மடித்து வைத்துக்கொண்டு இரண்டு பெண்கள் மூச்சடக்கி நிற்பார்கள்.

யாராவது வெடிக்கு முன்னால் கிளம்பிவிட்டால், அந்த ஜோடிக்கே ஒரு எச்சரிக்கை. அடுத்த முறை முந்துகிறவள் வெளியேற வேண்டும். முதலில் முந்தியது இவளா அவளா என்று விதி பார்க்காது. இரண்டாவது தவறைச் செய்தவள் யாரோ, அவள்தான் வீட்டுக்குப் போவாள்.

இந்த விதியை நான் நூறு முறை அமல்படுத்தியிருக்கிறேன். போன டிசம்பர் இருபத்தெட்டாம் தேதி வரைக்கும் அதைப் பற்றித் தூக்கம் கெட்டதில்லை.

*

அன்று ஒலிம்பிக்குக்கு ஆள் எடுக்கும் போட்டி. பெண்கள் ஐந்நூறு மீட்டர். முதல் மூன்று பேருக்கு இடம். முதல் இரண்டு இடம் யாருக்கு என்று ஊரெல்லாம் தெரியும். மூன்றாவது இடம்தான் கேள்வி. சீட்ஸ்கேயா, ஃபென்னாவா?

சீட்ஸ்கே எங்கள் ஊர்ப் பெண். அவள் அப்பாவின் மாட்டுப் பண்ணைக்கு நான்தான் தபால் கொண்டு போகிறேன். ஆறு வயதில் சமையலறை நாற்காலி ஒன்றைத் தள்ளிக்கொண்டு, உறைந்த வாய்க்காலில் அவள் சறுக்கப் பழகியதைப் பாலத்தில் சைக்கிளை நிறுத்திவிட்டுப் பார்த்திருக்கிறேன். இப்போது முப்பத்தொன்று. எட்டு வருடத்துக்கு முன் தேர்வு நாளன்று காய்ச்சல். நாலு வருடத்துக்கு முன் ஒரு விநாடியில் நூற்றில் நாலு பங்கு பிந்தி, நான்காவதாக வந்தாள். உலகக் கோப்பைப் பதக்கங்கள் ஒரு அட்டைப் பெட்டி நிறைய இருக்கின்றன. ஒலிம்பிக்கை மட்டும் தொலைக்காட்சியில்தான் பார்த்திருக்கிறாள். இதுதான் கடைசி வாய்ப்பு என்று அவள் சொல்லத் தேவையே இல்லை.

ஃபென்னாவுக்கு இருபது வயது. கடலோரத்தில் பூக்கிழங்கு பயிரிடும் குடும்பம். சீட்ஸ்கேயின் அணியிலேயே இருப்பவள், பயிற்சி முகாம்களில் ஒரே அறையில் தங்குகிறவள். அந்தப் பருவத்தில் சீட்ஸ்கேயைவிடக் கொஞ்சம் வேகமாக ஓடிக்கொண்டிருந்தாள். சீட்டுக் குலுக்கியதில் இருவரும் ஒரே ஜோடியாக வந்துவிட்டார்கள்.

அவர்கள் முறை வருவதற்கு மூன்று நிமிடம் இருக்கும்போது சீட்ஸ்கேயின் இடது காலணி லேஸ் அறுந்தது. எனக்குப் பத்தடி தள்ளி, பெஞ்சில் உட்கார்ந்து அறுந்த நுனியைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். முகம் சுண்ணாம்பாகிவிட்டது.

ஃபென்னா உடம்பைச் சூடாக்க ஓடிக்கொண்டிருந்தவள் நின்றாள். தன் பையைக் கிளறி ஆரஞ்சு நிறத்தில் ஒரு லேஸை எடுத்தாள். சீட்ஸ்கே அசையாமல் இருந்ததால் இவளே மண்டியிட்டுக் கோத்துக் கட்டினாள்.

"கலர் பொருந்தலைன்னு கோவிச்சுக்காத. எங்கிட்ட இதுதான் இருக்கு."

"உனக்கு நேரமாகுது ஃபென்னா."

"உனக்கும்தான். காலை நீட்டு. மாட்டுக்கு லாடம் கட்ற மாதிரி இருக்கு."

என் கண்ணால் பார்த்தேன் இதை. அதனால்தான் பின்னால் நடந்தது என்னை விடவில்லை.

கோட்டுக்குக் கூப்பிட்டேன். வெள்ளை சீட்ஸ்கே, சிவப்பு ஃபென்னா. "தயார்" என்றேன். குனிந்தார்கள். நான் விரலை அழுத்துவதற்கு முன்பே சீட்ஸ்கே கிளம்பிவிட்டாள். இரண்டு அடி வைத்து, நிமிர்ந்து, கையைத் தூக்கித் திரும்பினாள்.

பதறிப்போய் முந்துகிறவர்களை எனக்குத் தெரியும். உடம்பு முன்னால் விழும், கை காற்றைத் துழாவும், வாயில் ஒரு கெட்ட வார்த்தை வரும். சீட்ஸ்கே திரும்பி வந்த விதம், கடைக்குப் போய்ச் சாமான் வாங்கி வந்தவளைப் போல இருந்தது.

"வெள்ளை. முதல் தவறு" என்றேன்.

மறுபடி கோடு. மறுபடி "தயார்". ஃபென்னா உடனே குனிந்து உறைந்துவிட்டாள். சீட்ஸ்கே மெதுவாகக் குனிந்தாள். பின்கால் காலணியின் அடியிலுள்ள பிளேடைக் கடைசியில் ஒரு தடவை பனியில் அழுத்தித் தேய்த்து ஊன்றுவது அவள் வழக்கம். 'கர்ரக்' என்று ஒரு சத்தம் வரும். அது விதிக்குள் அடங்கியதுதான். அவளுக்கு அதுதான் தாளம். அன்று அந்தச் சத்தம் வர மிகவும் தாமதமானது. அதற்குள் ஃபென்னாவின் தொடை துடிப்பது எனக்குத் தெரிந்தது. நான் இருவரையும் நிமிரச் சொல்லியிருக்க வேண்டும். அதற்கு எனக்கு அதிகாரம் உண்டு. சொல்லவில்லை.

'கர்ரக்'.

அந்தச் சத்தத்துக்கு ஃபென்னா பாய்ந்துவிட்டாள்.

விசிலை ஊதினேன். பன்னிரண்டாயிரம் பேர் ஒரே குரலில் ஐயோ என்றார்கள். ஃபென்னா ஐந்தாவது அடியில் நின்றாள். திரும்பி என்னைப் பார்த்தாள். அது தவறு என்று அவளுக்கே தெரியும். ஆனாலும் ஒரு குழந்தை பார்ப்பதுபோல் பார்த்தாள். "சிவப்பு, வெளியே" என்று சொன்னபோது என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

சீட்ஸ்கே தனியாக ஓடினாள். முப்பத்தேழு புள்ளி அறுபத்தொன்று விநாடி. மூன்றாம் இடம். அரங்கின் பித்தளை வாத்தியக்காரர்கள் ஊதித் தள்ளினார்கள். எங்கள் ஊர்க்காரர்கள் தடுப்புப் பலகையை உடைக்காத குறை. ஃபென்னா பையைத் தலைமேல் கவிழ்த்துக்கொண்டு பெஞ்சில் இருந்தாள். யாரும் பக்கத்தில் போகவில்லை. நானும் போகவில்லை. அடுத்த ஜோடி காத்திருந்தது.

*

மறுநாள் காலை தபால் பையோடு பண்ணைக்குப் போனேன். வாசல் மரத்துக்கும் கொட்டகைக்கும் நடுவே ஒரு படுக்கை விரிப்பைக் கட்டி, 'எங்கள் சீட்ஸ்கே போகிறாள்!' என்று பெயின்ட்டால் எழுதியிருந்தார்கள். அவள் அப்பா டிராக்டரிலிருந்தே கத்தினார்:

"ஓபே! இனிமே எங்க வீட்டுத் தபாலுக்குத் தனி வண்டி வாங்கிடு!"

நாற்பத்தேழு வாழ்த்து அட்டைகள். சீட்ஸ்கே மாட்டுக் கொட்டகையில் இருந்தாள். ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு சாணத்தைத் தள்ளிக்கொண்டிருந்தாள். ஒலிம்பிக்குக்குத் தேர்வான மறுநாள் யாரும் செய்கிற வேலையல்ல அது.

அட்டைக்கட்டை நீட்டினேன். வாங்கவில்லை.

"மாமா, நேத்து நீங்க என்ன பார்த்தீங்க?"

"ரெண்டு தவறு பார்த்தேன்."

"முதல் தவறு எப்படி இருந்துச்சு?"

"தவறு தவறு மாதிரிதான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு, அட்டைகளை ஜன்னல் திட்டில் வைத்துவிட்டு வந்துவிட்டேன். சைக்கிள் மிதித்த வழியெல்லாம் எனக்கு என்மேலேயே எரிச்சல். பதில் தெரிந்த கேள்விக்கு ஒரு மனிதன் எவ்வளவு சாமர்த்தியமாகப் பதில் சொல்லாமல் இருக்க முடிகிறது!

சாயங்காலம் நாலு மணிக்கு எங்கள் சமையலறைக் கதவைத் தட்டினாள். ஹிஸ்கே வருடக் கடைசிக்கான மாவு உருண்டைகளுக்குத் திராட்சை ஊறப் போட்டுக்கொண்டிருந்தாள். சீட்ஸ்கே மேல்கோட்டைக் கழற்றாமலே உட்கார்ந்தாள். மேஜைமேல் ஆரஞ்சு லேஸைச் சுருட்டி வைத்தாள்.

"இத ஃபென்னாகிட்ட குடுத்துடுங்க மாமா. உங்க பையில போட்டு."

"ஸ்டாம்ப் ஒட்டினியா?" என்றாள் ஹிஸ்கே.

சீட்ஸ்கே சிரிக்க முயன்றாள். அது அழுகையாகிவிட்டது. ஹிஸ்கே ஈரக் கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டு, ஒன்றும் கேட்காமல் ஒரு கிண்ணம் சூப்பை அவள் முன்னால் வைத்தாள். பாதிக் கிண்ணம் தீர்ந்தபிறகு பேச்சு வந்தது.

"ஜூலை முகாம்ல ஒரு நாள் மழை. ரூம்லயே இருந்தோம். அப்ப அவ சொன்னா, 'தயார்னு சொன்ன அப்புறம் வர்ற அமைதி இருக்கே, அது எனக்கு ஆகவே ஆகாது. பக்கத்துல ஒரு சத்தம் கேட்டாப் போதும், கால் தானா போயிடும். ஏற்கெனவே ஒரு எச்சரிக்கை இருந்தா செத்தேன்'னு. வேற யாருகிட்டயும் சொன்னதில்லையாம். எங்கிட்ட மட்டும் சொன்னா. நான் தலையத் தடவிக் குடுத்தேன் அத்தை. இந்தக் கையால."

ஹிஸ்கே அந்தக் கையைப் பார்த்தாள்.

"ஜோடிப் பட்டியல் வந்த அன்னைக்கே எனக்கு யோசனை வந்துடுச்சு. வேணாம் வேணாம்னு இருந்தேன். லேஸ் கட்டிவிட்டாளே, அப்பக்கூட வேணாம்னுதான் இருந்தேன். கோட்டுல நின்னதும்... முதல்ல நானே வேணும்னே முந்தினேன். ரெண்டாவது தடவை வேணும்னே லேட்டா ஊன்றினேன். விதியில எதையும் மீறல. எல்லாம் விதிக்குள்ளதான்."

"லேஸ் அவளோடதுன்னா நீதான் கொண்டுபோய்க் குடுக்கணும்" என்றாள் ஹிஸ்கே. "இவர் பையில எத்தனையோ காகிதம் போகும். இது போகாது."

நான் சாவியை எடுத்தேன். காரில் போகும்போது என் பங்கையும் சொன்னேன். நிமிரச் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. ஏன் என்று முந்தின நாளிலிருந்து என்னையே கேட்டுப் பார்த்ததில் ஒரே விடைதான் கிடைத்தது: என் ஊர்ப் பெண் போகட்டும் என்று என் உள்ளே எவனோ ஆசைப்பட்டிருக்கிறான். நடுநிலைக்காரன் போடும் நீலச்சட்டைக்குள் அவன் ஒளிந்திருந்தான்.

சீட்ஸ்கே ஜன்னலில் படிந்திருந்த ஈரத்தைக் கையால் துடைத்தாள். பிறகு, "நீங்களுமா மாமா?" என்றாள். அதில் குற்றச்சாட்டு இல்லை. துணை கிடைத்தவள் குரலாக இருந்தது. அது எனக்கு இன்னும் வலித்தது.

*

ஃபென்னா ஹீரன்வீனில் ஒரு சைக்கிள் கடைக்கு மேலே வாடகை அறையில் இருந்தாள். நான் படிக்கட்டின் அடியிலேயே நின்றுகொண்டேன். மேலே கதவு திறக்கும் சத்தம் கேட்டது.

"ஓ, நீயா? வாழ்த்துக்கள். நேத்து சொல்லணும்னு பார்த்தேன், முடியல."

"ஃபென்னா, நான் வேணும்னேதான் முந்தினேன்."

கீழே கடைக்காரர் எதையோ சுத்தியலால் தட்டிக்கொண்டிருந்தார்.

"ஜூலைல நான் சொன்னதை வச்சா?"

"ஆமா."

"லேஸைக் கட்டிவிட்ட அப்புறமுமா?"

"ஆமா."

"நேத்து ராத்திரி எங்கம்மா போன் பண்ணாங்க. பாவம், அந்த அக்காமேல கோவப்படாத, அவளும் நடுங்கிப் போயிருப்பான்னு சொன்னாங்க. நானும் ஆமாம்மான்னு சொன்னேன்."

சீட்ஸ்கே ஏதோ சொன்னாள், எனக்குக் கேட்கவில்லை. "அத எடுத்துட்டுப் போ. எனக்கு வேணாம்" என்று ஃபென்னாவின் குரல். கதவு மூடியது. அறைந்து மூடவில்லை, மெதுவாகத்தான் மூடினாள். அறைந்திருந்தால் தேவலை என்று தோன்றியது.

சீட்ஸ்கே லேஸைக் கையில் பிடித்தபடி இறங்கி வந்தாள்.

"மன்னிப்பு வாங்கிட்டு வரலாம்னு நெனச்சேன் மாமா. கடையில பால் வாங்கிட்டு வர்ற மாதிரி."

"நாளைக்குத் தேர்வுக் குழு உட்காருது. காலைல பத்து மணி" என்றேன்.

"தெரியும். சொன்னா என் இடம் போயிடும்."

"போகலாம்."

"மூணு ஒலிம்பிக் மாமா. மூணாவதும்..." வீடு வந்து சேரும்வரை லேஸை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தாள். நான் ஜெபம் செய்தேன். எனக்காகவும்தான். கடவுள் அவளிடம் என்ன சொல்ல வேண்டும் என்று நான் கேட்கவில்லை. நான் காரை நேராக ஓட்ட வேண்டும், நாளை வாயைத் திறக்க வேண்டும், இவ்வளவுதான் கேட்டேன்.

*

காலையில் குழு அறைக்கு வெளியே பயிற்சியாளர் ஹார்மென் எங்களை மறித்தார். சீட்ஸ்கே அவரிடம் முந்தின இரவே தொலைபேசியில் சொல்லியிருந்தாள். பெரிய மனிதர், பெரிய குரல்.

"பைத்தியமா உனக்கு? இது தந்திரம். நூறு பேர் பண்ணியிருக்காங்க. நான் ஓடின காலத்துல நானே பண்ணியிருக்கேன்!"

"உங்ககூட ஓடினவனுக்கு என்ன ஆச்சு?" என்றாள் சீட்ஸ்கே.

"என்னமோ ஆச்சு. யாருக்குத் தெரியும்? இன்சூரன்ஸ் விக்கிறான்னு நெனைக்கிறேன்." என் பக்கம் திரும்பினார். "தபால்காரா, நீ லெட்டரைக் குடு. தீர்ப்புக் குடுக்காத."

"என் பேர்லயும் ஒரு லெட்டர் இருக்கு ஹார்மென். அதைக் குடுக்கத்தான் வந்தேன்."

உள்ளே மூன்று பேர். நடுவில் தலைமை நடுவர் வில்லமைன். ஆளுக்கு ஒரு காபி, டப்பாவிலிருந்து ஆளுக்கு ஒரு பிஸ்கட், பிறகு டப்பா மூடப்பட்டது. எங்கள் நாட்டில் யாருடைய வாழ்க்கை தலைகீழானாலும் பிஸ்கட் ஒன்றுதான்.

சீட்ஸ்கே நின்றுகொண்டே சொன்னாள். ஃபென்னா தன்னை நம்பிச் சொன்னது என்ன என்பதை மட்டும் சொல்லவில்லை. "அவளோட பலவீனம் ஒன்னு எனக்குத் தெரியும், அதைப் பயன்படுத்தினேன்" என்பதோடு நிறுத்திக்கொண்டாள். பிறகு நான் என் தாமதத்தைச் சொன்னேன். வில்லமைன் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள்.

"முப்பது வருஷத்துல, நான் முந்தலன்னு சொல்லி சண்டை போட்டவங்க ஆயிரம் பேர். வேணும்னே முந்தினேன்னு சொல்ல வந்தது நீ ஒருத்திதான். உன்னை என்ன பண்றதுன்னு எந்தப் புத்தகத்துலயும் இல்லையே!"

அரை மணி நேரம் எங்களை வெளியே உட்கார வைத்தார்கள். கூப்பிட்டபோது முடிவு எழுதியிருந்தது: மூன்றாம் இடம் காலி. நாளை, வருடத்தின் கடைசி நாள், காலை எட்டரை மணிக்கு இருவரும் மறுபடி ஓட வேண்டும். பார்வையாளர் கிடையாது. வேகமாக முடிப்பவள் போவாள்.

"வேற யாரையாவது தொடங்கி வைக்கச் சொல்லுங்க" என்றேன்.

"அந்தப் பொண்ணுகிட்ட எல்லாத்தையும் சொல்லி போன்ல கேட்டேன்" என்றாள் வில்லமைன். "ஃபென்னாகிட்ட. ஓபே இருக்கட்டும், அவர் திருப்பி அந்தத் தப்பைப் பண்ண மாட்டார்னு சொல்லிட்டா. அதோட நாளைக்குக் காலைல எட்டரைக்கு வேற எந்த முட்டாளும் வரமாட்டான்."

என்மேல் கோபப்பட முழு உரிமை இருந்தவள் சொன்ன சொல் அது. அதை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். அன்று நான் சாப்பிட்டது அதைத்தான்.

*

காலியான அரங்கம் தேவாலயத்தைப் போல எதிரொலிக்கும். நாங்கள் ஏழெட்டுப் பேர்தான். ஹார்மென் கையைக் கட்டிக்கொண்டு தூரத்தில் நின்றார். இருவருமே அவர் அணிப் பெண்கள், யாருக்குக் கத்துவது என்று தெரியவில்லை. ஃபென்னா சீட்ஸ்கேயிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. சீட்ஸ்கேயின் இடது காலில் ஆரஞ்சு லேஸ். ஃபென்னா அதைப் பார்த்தாள். முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

வெள்ளை சீட்ஸ்கே, சிவப்பு ஃபென்னா. அதே பாதை.

"கோட்டுக்கு."

"தயார்."

நான் எண்ணத் தொடங்குமுன் ஃபென்னா பாய்ந்துவிட்டாள். யாரும் எந்தச் சத்தமும் போடவில்லை. அந்த அமைதியே போதுமானதாக இருந்தது.

"சிவப்பு. முதல் தவறு."

இப்போது இன்னொருமுறை முந்துகிறவள் வெளியே. ஃபென்னா திரும்பி வரும்போது அவள் உதடு வெளுத்திருந்தது. பக்கத்தில் ஒரு சின்னச் சத்தம் வந்தால் அவள் போய்விடுவாள். அது அவளுக்குத் தெரியும். சீட்ஸ்கேக்கும் தெரியும். இந்த முறை சீட்ஸ்கே தவறே செய்ய வேண்டியதில்லை. பத்து வருடமாகச் செய்கிற வழக்கத்தைச் செய்தாலே போதும். அதற்கு யாரும் அவளைக் குறை சொல்லவும் முடியாது.

"கோட்டுக்கு."

வந்து நின்றார்கள்.

"தயார்."

சீட்ஸ்கே முதலில் குனிந்தாள். பின்காலைத் தூக்கி, ஒரு பூனை பாதம் வைப்பதுபோலப் பனிமேல் வைத்தாள். தேய்க்கவில்லை. ஊன்றவில்லை. அப்படியே நின்றாள். தாளம் இல்லாமல், அரைகுறைப் பிடிமானத்தோடு, ஃபென்னா குனிந்து அசைவு நிற்கும்வரை அவள் காத்திருந்தாள். தொடை எரிந்திருக்கும். மூச்சைக்கூட வெளியே விடவில்லை. இருபத்தாறு வருடத்தில் என் துப்பாக்கிக்கு முன்னால் அவ்வளவு முழுமையான அமைதியை நான் கேட்டதில்லை.

சுட்டேன்.

இருவரும் சுத்தமாகக் கிளம்பினார்கள். சீட்ஸ்கேயின் முதல் அடியில் பின்கால் லேசாக வழுக்கியது. கால் ஊன்றாதவளுக்கு அப்படித்தான் ஆகும். அதற்குப் பிறகு அவள் ஓடினாளே, அப்படி ஒரு ஓட்டத்தை அவளிடம் நான் கண்டதில்லை. விட்டுக்கொடுத்து ஓடவில்லை. எதிர்ப்பக்க நேர்பாதையில் இருவரும் விதிப்படி பாதை மாறிக்கொள்ளும் இடத்தில் தோளோடு தோள் வந்தார்கள். வெளியிலிருந்து உள்ளே வரும் ஃபென்னாவுக்குத்தான் முன்னுரிமை. சீட்ஸ்கே அவள் பின்னால் ஒழுங்காக ஒதுங்கி வெளிப்பாதைக்குப் போனாள். கடைசி வளைவில் ஒரு முழு உடம்பு பின்தங்கியிருந்தவள், கோட்டில் பிளேடை நீட்டினாள்.

பலகையில் எண்கள் வந்தன. ஃபென்னா முப்பத்தேழு புள்ளி ஐம்பத்தைந்து. சீட்ஸ்கே முப்பத்தேழு புள்ளி ஐம்பத்தெட்டு.

நூற்றில் மூன்று பங்கு. முதல் அடியில் அந்த வழுக்கல் எவ்வளவு தின்றிருக்கும் என்று எனக்குத் தெரியும். கணக்குச் சொல்ல மாட்டேன். யாரிடமும் சொன்னதும் இல்லை.

சீட்ஸ்கே முழங்காலில் கைகளை ஊன்றி ஒரு சுற்று முழுவதும் மெதுவாகச் சறுக்கிக்கொண்டே போனாள். அழுதாளா என்று தூரத்திலிருந்து தெரியவில்லை. தொடக்கக் கோட்டுப் பக்கம் வந்து, தடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் பிளேடு உறைகள் எதிர்ப்பக்கம் பெஞ்சிலேயே இருந்தன.

ஃபென்னா வந்தாள். ஹார்மென் அவளைக் கட்டிப்பிடிக்க வந்ததைக்கூடக் கவனிக்காமல் சுற்றிக்கொண்டு வந்தாள். கையில் இரண்டு ஜோடி உறைகள். ஒரு ஜோடியை சீட்ஸ்கேயின் முன்னால் தடுப்புமேல் வைத்தாள்.

"வெறும் பிளேடோட சிமெண்ட்ல நடக்காத. கெட்டுப்போயிடும்."

"இனிமே எனக்கு எதுக்கு?"

"வேற யாருக்காவது குடுக்கலாம்ல."

சீட்ஸ்கே உறைகளை மாட்டினாள். பிறகு குனிந்து ஆரஞ்சு லேஸை அவிழ்க்கப் போனாள். ஃபென்னா ஒரு நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னைக்கு உன் பிளேடு சத்தமே கேக்கலையே" என்றாள்.

"பனி நல்லா இருந்துச்சு."

ஃபென்னா பனியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். நான் துப்பாக்கியைப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டிருந்தேன்; பெட்டியின் பூட்டு அன்று ஏனோ சரியாக விழவில்லை.

"நான் இன்னும் கோவமாத்தான் இருக்கேன்" என்றாள் ஃபென்னா.

"இரு."

"எவ்வளவு நாளுன்னு தெரியாது."

"சரி."

"லேஸை இப்ப அவிழ்க்காத. காலணி கழண்டு விழுந்துடும்."

அவள் போய்விட்டாள். சீட்ஸ்கே லேஸ் முனையைப் பிடித்தபடியே கொஞ்ச நேரம் குனிந்திருந்தாள். பிறகு அதை மறுபடி இறுக்கி, இரண்டு முடிச்சுப் போட்டாள்.

அன்று மாலை தேவாலயத்தில் வருடக் கடைசி ஆராதனை. அந்த வருடம் இறந்தவர்களின் பெயர்களை வாசித்து ஒவ்வொருவருக்கும் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றுவோம். சீட்ஸ்கே தன் அப்பாவோடு மூன்றாவது வரிசையில் இருந்தாள். பண்ணை வாசலில் விரிப்பை அவிழ்த்துவிட்டிருந்தார்கள். பெயின்ட் போகாததால் அதை வைக்கோலை மூட எடுத்துக்கொண்டாராம் அவர். ஹிஸ்கே பொரித்த உருண்டைகளில் ஒரு பொட்டலம் அவர்களுக்கு என்று என் மடியில் சூடாக இருந்தது. கடைசிப் பெயர் வாசித்த பிறகு அமைதியாக இருக்கச் சொன்னார்கள். எல்லோரும் தலை குனிந்தார்கள்.

நான் வழக்கமாக அந்த அமைதியை விநாடி விநாடியாக எண்ணுவேன், துப்பாக்கி பிடித்த பழக்கம். அன்று எண்ணவில்லை. யாரோ பின்வரிசையில் இருமினார்கள். அந்தச் சத்தத்துக்குச் சீட்ஸ்கேயின் தோள் அசையவில்லை.